ஆங்கில மரபுத்தொடர் தேட எந்த அகராதி? இலவச இணையதளங்கள் ஒரு மதிப்பீடு

'புல் சம்படீஸ் லெக்' என்ற தொடரைச் சொல்லுக்குச் சொல் தமிழில் வைத்தால் 'ஒருவரின் காலை இழுப்பது'. அங்கிருந்து 'காலை வாருவது' ஓர் எட்டுத் தூரம்தான். தமிழ் பேசும் மனசு தானாகவே அங்கே போய் நின்றுவிடும். காலை வாரிவிட்டான் என்று நாம் சொன்னால், நம்பி நின்றவனைக் கவிழ்த்துவிட்டான் என்று பொருள். ஆங்கிலத்திலோ அது விளையாட்டுக்கு ஒரு பொய்யைச் சொல்லி நம்ப வைப்பது. நம் வழக்கில் கலாய்ப்பது, ஓட்டுவது. கூட வேலை பார்ப்பவர் கடைசி நேரத்தில் கைவிட்டதைப் பற்றி மேலதிகாரிக்குப் புகார் எழுதும் ஒருவர் 'ஹி புல்டு மை லெக்' என்று எழுதினால், படிப்பவருக்குப் புரிவது 'அவர் என்னிடம் தமாஷ் செய்தார்' என்பதுதான். புகார் அந்த வரியிலேயே செத்துப்போகும்.

இலக்கணப் பிழை கண்ணுக்குத் தெரியும், யாராவது திருத்துவார்கள். மரபுத்தொடர்ப் பிழை அப்படியில்லை. வாக்கியம் சரியாக இருக்கும், பொருள் மட்டும் வேறு ஊருக்குப் போயிருக்கும். யாரும் திருத்த மாட்டார்கள், ஏனென்றால் பிழை நடந்ததே யாருக்கும் தெரியாது. அதனால்தான் எந்த இணையதளத்தில் பொருள் பார்க்கிறோம் என்பது இவ்வளவு முக்கியமாகிறது. 'ஆயிரம் மரபுத்தொடர்கள்' என்று தலைப்பிட்டு, இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் ஒரு வரிப் பொருள் என்று நிரப்பி வைத்திருக்கும் பட்டியல்களும் செயலிகளும் எக்கச்சக்கம். தேர்வுக்கு முந்தைய நாள் இரவு புரட்டுவதற்கு அவை போதும். பேசவும் எழுதவும் போதவே போதாது.

ஒரு தொடரைப் பயன்படுத்த வேண்டுமானால் பொருளோடு இன்னும் நான்கு விஷயம் தெரிய வேண்டும். இதை யார் யாரிடம் சொல்லலாம்? வாக்கியத்தில் எந்த அச்சில், அதாவது எந்த வடிவத்தில், உட்காரும்? எந்த நாட்டு வழக்கு? இன்றைக்கும் உயிரோடு இருக்கிறதா? கீழே வரும் அகராதிகளை எடைபோட்டது இந்த நான்கையும் வைத்துத்தான். எல்லாமே இணையத்தில் காசு கொடுக்காமல் பார்க்கக்கூடியவை.

சோதனைக்கு எடுத்துக்கொண்ட சொல் 'ஐ', அதாவது கண். ஓர் அகராதியின் தரத்தைப் பார்க்க இதைவிட நல்ல சொல் கிடையாது. 'கீப் ஆன் ஐ ஆன்' என்றால் ஒன்றைக் கவனித்துக்கொள்வது. 'ஹேவ் யுவர் ஐ ஆன்' என்றால் ஒன்றை அடைய ஆசைப்பட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது. 'ஹேவ் ஆன் ஐ ஃபார்' என்றால் நல்லதைச் சட்டென்று இனம் காணும் திறமை. 'சீ ஐ டு ஐ' என்றால் ஒத்த கருத்தோடு இருப்பது. தமிழில் 'அந்த வீட்டு மேல அவனுக்கு ஒரு கண்ணு' என்கிறோமே, அது இரண்டாவதோடு கச்சிதமாகப் பொருந்தும். முதலாவதோடு பொருந்தாது. ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரிடம் 'பெட்டி மேல கொஞ்சம் கண்ணு வெச்சுக்கங்க' என்று கேட்க, 'கீப் ஆன் ஐ ஆன் மை பேக்' என்பதுதான் சரி. 'கீப்' இருக்கும் இடத்தில் 'ஹேவ்' வந்தால் காவல்காரர் திருடனாகிவிடுவார். ஒற்றை வினைச்சொல்லில் இவ்வளவு மாற்றம். இதை எடுத்துக் காட்டாத அகராதியால் பயனில்லை.

முதலில் ஆக்ஸ்ஃபோர்டு. இதில் இரண்டு தளம் இருப்பதைப் போலத் தோன்றிக் குழப்பும். வேண்டியது 'ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் டிக்ஷனரீஸ்' என்ற கற்போருக்கான தளம். இந்த அகராதியின் பிறப்பே மரபுத்தொடரோடு சம்பந்தப்பட்டது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஏ. எஸ். ஹார்ன்பி, இ. வி. கேட்டன்பி, எச். வேக்ஃபீல்டு ஆகிய மூவர் தொகுத்து, 1942-இல் டோக்கியோவில் முதன்முதலாக வெளிவந்தபோது அதன் பெயரிலேயே மரபுவழக்கு என்ற சொல் முன்னால் நின்றது. ஆக்ஸ்ஃபோர்டு அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தது 1948-இல். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர் எங்கே தடுக்கி விழுவார் என்று வகுப்பறையில் நின்று பார்த்தவர்கள் செய்த நூல் அது. அந்தக் குணம் இன்றைய தளத்திலும் தெரிகிறது. ஒவ்வொரு பெரிய சொல்லின் பதிவிலும் கீழே மரபுத்தொடர்களுக்கென்று தனிப் பகுதி. 'ஐ' பதிவில் மேலே சொன்ன நான்கும் தனித்தனி வரியாக, தனித்தனி எடுத்துக்காட்டோடு நிற்கும்.

இதில் தேடுவதற்கு ஒரு முறை உண்டு. தொடரில் வரும் முதல் கனமான சொல்லின் கீழ் பார்க்க வேண்டும். பெயர், வினை, பெயரடை, வினையடை இவையே கனமான சொற்கள். 'தி', 'இன்', 'ஆஃப்' போன்றவை கணக்கில் வராது. 'டேக்', 'மேக்', 'கெட்' மாதிரி எங்கும் வரும் வினையாக இருந்தால் அதைத் தாண்டி அடுத்த சொல்லுக்குப் போக வேண்டும். 'கெட் கோல்டு ஃபீட்' என்பதை 'கெட்' பதிவில் தேடினால் பக்கம் பக்கமாக உருட்டிக் கை வலிக்கும். 'கோல்டு' என்று போனால் கிடைக்கும். தேடு பெட்டியில் முழுத் தொடரையும் தட்டினாலும் பெரும்பாலும் வந்துவிடும். ஆனால் நாம் நினைவில் வைத்திருப்பது பாதி தொடராக இருக்கும்போது இந்த விதிதான் கைகொடுக்கும்.

கேம்பிரிட்ஜ் அகராதியின் பலம் குறிகள். பேச்சு வழக்கா, எழுத்து வழக்கா, பிரிட்டனா, அமெரிக்காவா, பழசாகிவிட்டதா என்று ஒன்றிரண்டு சொல்லில் பொருளுக்கு முன்பே சொல்லிவிடும். பள்ளியில் எல்லோரும் மனப்பாடம் செய்த 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்ற தொடருக்கு இது 'பழைய வழக்கு' என்று குறி போட்டிருக்கிறது. அது நியாயம்தான். வெளியே கொட்டுகிற மழையைப் பார்த்து இன்றைக்கு ஆங்கிலம் பேசுபவர்களின் வாயில் சாதாரணமாக வருவது 'இட்ஸ் போரிங்' (கொட்டுகிறது என்ற 'pouring'; அலுப்பைச் சொல்லும் 'boring' அல்ல). பாடப்புத்தகத்தில் படித்ததால் ஒரு தொடர் நடப்பில் இருக்கிறது என்று நம்புவது நம்மிடம் உள்ள பெரிய பழக்கக்கோளாறு. பலருக்கும் தெரிந்த தொடர் எல்லாம் பலரும் சொல்கிற தொடர் ஆகாது.

இந்தச் சின்னக் குறிகளைப் படிக்காமல் தாண்டுவதால் வரும் சங்கடம் சாதாரணமானதல்ல. 'கிக் தி பக்கெட்' என்றால் இறந்துபோவது என்று பட்டியலில் இருக்கும். உண்மைதான். ஆனால் அது நம் 'மண்டையைப் போட்டான்', 'டிக்கெட் வாங்கிட்டான்' என்பவற்றின் இனம். துக்கம் விசாரிக்கிற கடிதத்தில் அதை எழுதினால் உறவே முறிந்துபோகும். அங்கே 'பாஸ்டு அவே' என்பதுதான் 'காலமானார்' என்பதற்கு நிகர். நல்ல அகராதிகள் இந்தத் தொடரில் 'வேடிக்கையாகச் சொல்வது', 'பேச்சு வழக்கு' என்று ஏதாவதொரு எச்சரிக்கைப் பலகையை நட்டிருப்பார்கள். பட்டியல்களில் அந்தப் பலகை இருக்காது. 'அண்டர் தி வெதர்' அதைப் போலவே இன்னொன்று. சளி, லேசான காய்ச்சல், உடம்பு ஒரு மாதிரி இருக்கிறது என்பதற்குச் சரி. அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவரைப் பற்றி அப்படிச் சொன்னால் அவர் நோயைச் சிறுமைப்படுத்துவதாகப் படும்.

லாங்மேன் அகராதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், அது பலருக்கும் தெரியாமல் இருப்பதால். 1978-இல் முதல் பதிப்பு வந்தது. சுமார் 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுதுவது என்ற கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டது இதன் தனிச்சிறப்பு. பொருளைப் புரிந்துகொள்ள இன்னொரு சொல்லுக்குப் பொருள் தேடும் வேலை இங்கே அனேகமாக இல்லை. இரண்டாவது லாபம் ஒலி. மற்ற தளங்களில் தனிச்சொல்லைத்தான் உச்சரித்துக் காட்டுவார்கள். லாங்மேனில் எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்குப் பக்கத்திலும் ஒலிபெருக்கிக் குறி இருக்கும். தொட்டால் முழு வாக்கியமும் ஓடும். மரபுத்தொடரில் எந்தச் சொல்லில் அழுத்தம் விழுகிறது என்பது அப்போதுதான் பிடிபடும். 'எ பீஸ் ஆஃப் கேக்' என்பதில் அழுத்தம் 'கேக்'கில். நாம் நான்கு சொல்லையும் ஒரே எடையில் சொல்வதால் கேட்பவருக்குத் தின்பண்டம்தான் மனதில் வரும், 'அல்வா சாப்பிடற மாதிரி சுலபம்' என்ற பொருள் வராது. மூன்றாவது லாபம், வினையோடு சிறுசொல் ஒட்டிவரும் 'கால் ஆஃப்', 'டர்ன் டவுன்' போன்றவற்றில் நடுவே இரண்டு பக்கமும் முனையுள்ள ஓர் அம்புக்குறியைப் போட்டிருப்பார்கள். அந்தக் குறி இருந்தால் செயப்படுபொருளை நடுவிலும் வைக்கலாம், பின்னாலும் வைக்கலாம். 'கால் தி மீட்டிங் ஆஃப்', 'கால் ஆஃப் தி மீட்டிங்' இரண்டும் சரி. செயப்படுபொருள் 'இட்' ஆக இருந்தால் மட்டும் நடுவில்தான் நிற்கும்: 'கால் இட் ஆஃப்'. 'கால் ஆஃப் இட்' என்று எழுதுவது தமிழர் ஆங்கிலத்தில் அடிக்கடி கண்ணில் படும் பிழை.

காலின்ஸ் தளத்தில் பார்க்க வேண்டியது 'கோபில்டு' என்ற தலைப்பின் கீழ் வரும் விளக்கத்தை மட்டும். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவாகி 1987-இல் வந்த அகராதி அது. பொருளை ஒட்டுச்சொல்லாகத் தராமல் முழு வாக்கியமாகச் சொல்லும்: நீங்கள் இன்னதைச் செய்தால், மற்றவர்கள் மறைத்து வைத்திருந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறீர்கள் என்று பொருள், என்ற பாணியில். எழுவாய் மனிதனா, பொருளா, சூழ்நிலையா என்பது அந்த விளக்கத்திலேயே ஒளிந்திருக்கும். 'ஸ்பில் தி பீன்ஸ்' செய்ய ஓர் ஆள் வேண்டும். 'கம்ஸ் அவுட் ஆஃப் தி ப்ளூ' (எதிர்பாராமல் வருவது) என்பதற்கு ஒரு செய்தியோ நிகழ்ச்சியோ போதும். அதே பக்கத்தில் கீழே இன்னும் இரண்டு மூன்று அகராதிகளின் பதிவுகளையும் அடுக்கியிருப்பார்கள். கற்போருக்கு அவை சுமை. முதல் விளக்கத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மெரியம்-வெப்ஸ்டர் அமெரிக்க ஆங்கிலத்துக்கு. சொற்களுக்கு முதன்முதலாக எப்போது எழுத்தில் வந்தது என்ற ஆண்டைத் தருவது இதன் அழகு. 'ஃப்ரீ டிக்ஷனரி' தளத்தின் மரபுத்தொடர்ப் பகுதி ஒரே தேடலில் பல அகராதிகளின் விளக்கத்தைக் கீழே கீழே கொடுத்துவிடும். அரிதான தொடர் வேறெங்கும் கிடைக்காதபோது இங்கே கிடைக்க வாய்ப்பு அதிகம். விளம்பரங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அர்பன் டிக்ஷனரி இளைஞர் கொச்சைக்கு மட்டும். அங்கே பொருளை எழுதுவது வருகிற போகிறவர்கள், மேலே நிற்பது அதிக வாக்கு வாங்கிய பதிவு. கிண்டலுக்கு எழுதியதும் வாக்கு வாங்கும். புதிதாகக் காதில் விழுந்த சொல் என்னவென்று மோப்பம் பிடிக்கலாம், அதை நம்பி எழுதக் கூடாது.

அச்சு எப்படிப் படிப்பது

இந்த அகராதிகள் எல்லாமே தொடரின் அச்சைச் சொல்கின்றன. படிக்கத் தெரியாததால்தான் நாம் தவறவிடுகிறோம். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் தொடருக்குள் 'யுவர்' என்று இருந்தால், அது 'உன்' என்று பொருள் தருவதல்ல; எழுவாய் யாரோ அவருடையது என்று அர்த்தம். 'லூஸ் யுவர் டெம்பர்' என்பது வாக்கியத்தில் 'ஹி லாஸ்ட் ஹிஸ் டெம்பர்', 'ஷி லாஸ்ட் ஹெர் டெம்பர்' என்று மாறும். மெரியம்-வெப்ஸ்டரில் இதே இடத்தில் 'ஒன்ஸ்' என்று போட்டிருப்பார்கள். 'சம்படீஸ்' அல்லது 'சம்வன்ஸ்' என்று இருந்தாலோ, எழுவாய் அல்லாத இன்னொருவருடையது. காலை இழுப்பதில் 'சம்படீஸ்' வருவது அதனால்தான். தன் காலைத் தானே இழுக்க முடியாது. 'பிக் சம்படீஸ் ப்ரெயின்ஸ்' என்பதும் அப்படியே: விஷயம் தெரிந்த இன்னொருவரிடம் யோசனை கேட்பது. 'ஐ பிக்டு மை ப்ரெயின்ஸ்' என்று எழுதினால் பொருளே இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதிப் பிழை குறைந்துவிடும்.

தொடருக்குள் சாய்கோடு இருந்தால் இரண்டில் எது வேண்டுமானாலும் வரலாம்; பிறை அடைப்பு இருந்தால் அந்தச் சொல்லை விட்டும் சொல்லலாம். இரண்டும் இல்லையென்றால் ஒரு எழுத்தைக்கூடத் தொடாதீர்கள். 'பீன்ஸ்' என்பதைப் 'பீன்' ஆக்கினால் மரபு போய்க் காய்கறி மட்டும் மிஞ்சும். 'தி' என்பதை 'எ' ஆக்கினாலும் அதே கதி.

செயப்பாட்டு வினை ஆக்குவதில் இன்னும் நுட்பம் இருக்கிறது, அகராதிகள் இதை நேரடியாகச் சொல்வது குறைவு. 'தி பீன்ஸ் வேர் ஸ்பில்ட்' என்றால் இரகசியம் வெளியானது என்ற பொருள் அப்படியே நிற்கும். 'ஸ்ட்ரிங்ஸ் வேர் புல்டு' என்றாலும் செல்வாக்கைப் பயன்படுத்திக் காரியம் சாதித்தார்கள் என்பது நிற்கும். ஆனால் 'தி பக்கெட் வாஸ் கிக்டு' என்றால் யாரோ வாளியை உதைத்தார்கள், அவ்வளவுதான். சாவு அங்கே இல்லை. காரணம் எளிது. பீன்ஸ் என்ற இடத்தில் இரகசியத்தை வைத்துப் பார்க்கலாம், சிந்துவது வெளியிடுவது ஆகிறது. தொடரின் ஒவ்வொரு துண்டுக்கும் பொருளில் ஒரு பங்கு இருக்கிறது. வாளிக்கு அப்படி எந்தப் பங்கும் இல்லை, மூன்று சொல்லும் சேர்ந்துதான் ஒரே பொருள். ஒரு தொடரைப் புரட்டிப் போடலாமா என்ற சந்தேகம் வந்தால் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இதில் வரும் பெயர்ச்சொல் எதையாவது குறிக்கிறதா? குறித்தால் பெரும்பாலும் அசைக்கலாம். இல்லையென்றால் தொடாமல் விடுங்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம் வேறு

பிரிட்டனில் 'டச் வுட்', அமெரிக்காவில் 'நாக் ஆன் வுட்'. ஒன்றுமில்லாத விஷயத்துக்கு ஆர்ப்பாட்டம் செய்வது பிரிட்டனில் 'ஸ்டார்ம் இன் எ டீகப்', அமெரிக்காவில் 'டெம்பெஸ்ட் இன் எ டீபாட்'. குடும்பத்தின் மறைத்த இரகசியம் பிரிட்டனில் 'கப்போர்டு'க்குள் இருக்கும் எலும்புக்கூடு, அமெரிக்காவில் 'க்ளோசெட்'டுக்குள். வீண் முயற்சியைச் சொல்ல, செத்த குதிரையைப் பிரிட்டனில் 'ஃப்ளாக்' செய்கிறார்கள், அமெரிக்காவில் 'பீட்' செய்கிறார்கள். இவற்றை மாற்றிச் சொன்னாலும் புரிந்துவிடும், ஒரு கடிதத்துக்குள் கலக்காமல் இருந்தால் போதும்.

பொருளே தலைகீழாகும் சொற்களில்தான் ஆபத்து. ஒரு தீர்மானத்தை 'டேபிள்' செய்வது என்றால் பிரிட்டனில் விவாதத்துக்கு முன்வைப்பது. அமெரிக்காவில் இப்போதைக்கு ஓரங்கட்டுவது. இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ், அமெரிக்க அதிகாரிகள் இந்த ஒரு சொல்லால் நெடுநேரம் காரசாரமாக வாதாடிக்கொண்டதையும், இரு தரப்பும் விரும்பியது ஒன்றே என்பது பிறகுதான் தெரிந்ததையும் சர்ச்சில் எழுதி வைத்திருக்கிறார். 'மூட் பாயிண்ட்' என்பதிலும் இந்தப் பிளவு உண்டு. பிரிட்டனில் இன்னும் விவாதத்துக்குரியது, அமெரிக்காவில் பெரும்பாலும் இனி விவாதித்துப் பயனில்லாதது. கேம்பிரிட்ஜ், லாங்மேன், மெரியம்-வெப்ஸ்டர் மூன்றிலும் நாட்டுக் குறி இருக்கும். அலுவலகக் கடிதத்தில் இவற்றைத் தொடும் முன் அந்தக் குறியைப் பார்த்துவிடுங்கள்.

உயிரோடு இருக்கிறதா என்பதற்கு கூகுள் நிறுவனத்தின் என்கிராம் வியூவர் உதவும். 2010-இல் வந்தது. அச்சிட்ட புத்தகங்களில் ஒரு தொடர் எந்தக் காலத்தில் எவ்வளவு வந்திருக்கிறது என்று கோடு போட்டுக் காட்டும். 'பீட் அபவுட் தி புஷ்', 'பீட் அரவுண்ட் தி புஷ்' இரண்டையும் காற்புள்ளி போட்டுத் தட்டி, மேலே பிரிட்டிஷ் ஆங்கிலம், அமெரிக்க ஆங்கிலம் என்று மாற்றி மாற்றிப் பார்த்தால் எது எங்கே ஓங்கி நிற்கிறது என்று தெரிந்துவிடும். இதற்கு எல்லைகளும் உண்டு. ஐந்து சொல்லுக்கு மேல் ஏற்காது. 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' ஐந்து சொல், உள்ளே வரும். 'ஹிட் தி நெயில் ஆன் தி ஹெட்' ஆறு, வராது, கடைசிச் சொல்லைக் கழற்றிவிட்டுத் தேட வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டைப் பார்க்கும் என்பதால் அதை விலக்கும் பொத்தானை அழுத்தாமல் தேடினால் கோடு பொய் சொல்லும். எல்லாவற்றுக்கும் மேலாக, இது புத்தகங்களின் கணக்கு. பேச்சின் கணக்கு வேண்டுமானால் மார்க் டேவிஸ் உருவாக்கிய 'கோகா' என்ற அமெரிக்க ஆங்கிலத் தொகுப்புக்குப் போகலாம். 100 கோடிக்கும் அதிகமான சொற்கள். பேச்சு, கதை, நாளிதழ், ஆய்வுக் கட்டுரை என்று பிரித்துக் காட்டும். பதிவு செய்துகொள்ள வேண்டும், கொஞ்சம் பழகவும் வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்கும் ஆசிரியருக்கும் அந்த உழைப்பு வீண்போகாது.

காதுக்கு யூக்லிஷ். தொடரைத் தட்டினால் யூடியூப் காணொளிகளில் அது பேசப்படும் அந்த நொடிக்கே கொண்டுபோய் விடும், ஒன்று முடிந்தால் அடுத்தது. நாடு வாரியாக வடிகட்டலாம். பத்துக் காணொளி கேட்டால் தொடரின் தாளம் மட்டுமல்ல, எந்த மாதிரி ஆட்கள் எந்த மாதிரி இடத்தில் சொல்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும். அகராதியின் குறி சொல்வதைக் கண்ணாலேயே பார்த்த மாதிரி.

கதை நன்றாக இருந்தால் சந்தேகப்படுங்கள்

மரபுத்தொடர் தளங்களில் அதிகம் பகிரப்படுவது தோற்றக் கதைகள்தான். பலவும் கட்டுக்கதை. கூரை வேய்ந்த வீடுகளின் மேல் பூனையும் நாயும் படுத்திருக்கும், மழையில் வழுக்கிக் கீழே விழும், அதனால்தான் 'பூனையும் நாயுமாக' மழை என்ற கதை 1999-இல் மின்னஞ்சலில் சுற்றிய ஒரு புரளித் தொகுப்பில் இருந்தது. இன்றும் உயிரோடு உலவுகிறது. நாய் கூரைமேல் ஏறிப் படுக்குமா என்று ஒரு நிமிடம் யோசித்தாலே போதும். 1738-இல் ஜொனாதன் ஸ்விஃப்டின் எழுத்தில் இந்தத் தொடர் இருக்கிறது என்பது உறுதி. ஏன் பூனை, ஏன் நாய் என்பதற்கு ஏற்கத்தக்க விடை கிடைத்தபாடில்லை. கடைசி நொடியில் தப்பித்ததைச் சொல்லும் 'சேவ்டு பை தி பெல்' குத்துச்சண்டைக் களத்திலிருந்து வந்தது. சவப்பெட்டிக்குள் மணி கட்டிய கதையும் அதே புரளியின் தயவு. 'தி ஹோல் நைன் யார்ட்ஸ்' (முழுவதும், ஒன்றுவிடாமல்) என்பதற்குப் போர் விமானத் துப்பாக்கியின் தோட்டாப் பட்டை ஒன்பது கஜம் என்று இரண்டாம் உலகப்போர்க் கதை சொல்வார்கள். ஆனால் 'ஃபுல் நைன் யார்ட்ஸ்' என்பது 1907-லேயே அமெரிக்காவின் இண்டியானா மாநிலச் செய்தித்தாளில் அச்சாகியிருக்கிறது. ஆண்டு ஒன்று போதும், கதை உடைந்துவிடும்.

அதனால் தோற்றம் தேடும்போது பார்க்க வேண்டியது கதையின் சுவையை அல்ல, தேதியிட்ட மேற்கோள் இருக்கிறதா என்பதை. விக்சனரி இதில் பரவாயில்லை. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதால் பதிவுக்குப் பதிவு தரம் மாறும், ஆனால் நல்ல பதிவுகளில் மேற்கோள் இருக்கும், உறுதியில்லாததை உறுதியில்லை என்றே எழுதியிருப்பார்கள். செயற்கை நுண்ணறிவு உரையாடல் கருவிகளிடம் தோற்றம் கேட்காதீர்கள். சரளமாக, நம்பும்படியாக, இல்லாத கதையைச் சொல்லக்கூடியவை அவை. நீங்கள் எழுதிய வாக்கியத்தை வைத்து 'இது அலுவலகக் கடிதத்துக்கு ஒத்துவருமா' என்று கேட்பதற்கு அவை நன்றாகவே பயன்படும். கிடைத்த பதிலை அகராதியின் குறியோடு ஒத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். இயந்திர மொழிபெயர்ப்புக்கும் இதே கவனம் வேண்டும். தொடரை மட்டும் தனியாகக் கொடுத்தால் சொல்லுக்குச் சொல் பெயர்த்துவிட வாய்ப்பு அதிகம். முழு வாக்கியமாகக் கொடுத்தால் தேறும்.

தமிழ் நிகரைத் தேடும்போது

ஆங்கிலம்–தமிழ் அகராதிகளில் பழமொழிக்குப் பழமொழி வைத்துத் தருவது வாசிக்கச் சுவையாக இருக்கும். சில ஜோடிகள் அச்சு அசலாகப் பொருந்தும்: முதலைக் கண்ணீர், எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவது, அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது. இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம்.

அந்தக் 'கண்ணை மூடிக்கொண்டு' என்பதிலேயே ஒரு பொறி இருக்கிறது. 'டர்ன் எ பிளைண்ட் ஐ' என்றால் யோசிக்காமல் செய்வது என்று நினைக்கத் தோன்றும்; அது தப்பு நடப்பது தெரிந்தும் கண்டும் காணாமல் விடுவது. 'பிக் மவுத்' என்றால் நம் 'வாய் நீளம்' இல்லை. வாய் நீளம் எதிர்த்துப் பேசுபவருக்கு. 'பிக் மவுத்' இரகசியத்தைக் காப்பாற்றத் தெரியாத ஓட்டைவாய்க்கு. 'பட்டர்ஃப்ளைஸ் இன் தி ஸ்டமக்' என்பதற்கு 'வயிற்றில் புளியைக் கரைத்தது' என்று போடுவது பாதிதான் சரி. புளி கரைவது கெட்டது நடக்கப்போகிறது என்ற திகிலில். பட்டாம்பூச்சி மேடை ஏறும் முன், நேர்முகத் தேர்வுக்கு முன் வரும் படபடப்பு. அதில் ஆவலும் கலந்திருக்கும். 'கோல்டு ஃபீட்' என்பதைக் 'கை கால் சில்லிட்டுப் போவது' என்று எடுத்துக்கொண்டால் அதுவும் தவறும். நமக்கு அது அந்த நொடியின் பயம். ஆங்கிலத்தில் ஒப்புக்கொண்ட காரியத்திலிருந்து கடைசி நேரத்தில் பின்வாங்கத் தோன்றும் தயக்கம், கல்யாணத்துக்கு முந்தைய நாள் மாப்பிள்ளைக்கு வருவது போல. 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்பதற்கு 'அத்தி பூத்தாற்போல' நல்ல நிகர்தான். ஆனால் நம் தொடரில் அபூர்வமாக வந்ததைக் கண்ட மகிழ்ச்சி ஒட்டியிருக்கிறது. 'அத்தி பூத்த மாதிரி வந்திருக்கீங்க' என்று வரவேற்கிறோம். ஆங்கிலத் தொடரில் அந்த வரவேற்பு இல்லை, எத்தனை தடவை என்ற கணக்கு மட்டுமே.

இத்தனையையும் எப்படிக் கையாள்வது என்றால், ஒரு தொடருக்கு ஐந்து நிமிடம் போதும். லாங்மேனில் பொருளையும் வாக்கிய ஒலியையும் பாருங்கள். கேம்பிரிட்ஜில் குறியைப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் அச்சை, அதாவது 'யுவர்' இருக்கிறதா 'சம்படீஸ்' இருக்கிறதா என்பதைப் பாருங்கள். மூன்றும் ஒத்துப்போனால் யூக்லிஷில் ஐந்தாறு தடவை கேளுங்கள். குறிகளில் முரண் இருந்தால் அந்தத் தொடரை எழுத்தில் விட்டுவிட்டுப் பேச்சில் கேட்டால் புரியும் அளவுக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒரே சொல்லில் பிறந்த 'ஐ' குடும்பத்தை ஒரே நாளில் படிப்பதும் வேண்டாம், ஒன்றோடொன்று குழம்பும். நான்கைந்து நாள் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக எடுங்கள்.

நினைவில் நிறுத்த 'ஆங்கி' போன்ற அட்டைச் செயலி வைத்திருப்பவர்கள், அட்டையின் முன்பக்கம் ஆங்கிலத் தொடரையும் பின்பக்கம் தமிழ்ப் பொருளையும் எழுதுவார்கள். அப்படிச் செய்தால் படிக்கும்போது புரியும், பேசும்போது வாயில் வராது. திருப்பிப் போடுங்கள். முன்பக்கம் ஒரு சூழ்நிலை, தமிழிலேயே: 'கழிவறைக்குப் போகணும், பக்கத்துல இருக்கறவர்கிட்ட பெட்டியப் பாத்துக்கச் சொல்லணும்.' பின்பக்கம் முழு ஆங்கில வாக்கியம், யாரிடம் சொல்லலாம் என்ற குறி, 'ஹேவ்' அல்ல 'கீப்' என்ற எச்சரிக்கை.